டெஸ்லா சுருளின் தலைக்கு எந்த உலோகம்?

அறிவியல் கண்காட்சிகளில் பார்ப்போரைச் சட்டென நிறுத்திவிடும் கருவிகளுள் ஒன்று டெஸ்லா சுருள். நீண்ட குழாயின்மேல் நெருக்கமாகச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பி, உச்சியில் பளபளக்கும் ஓர் உலோகத் தலை, அதிலிருந்து சீறிக் கிளம்பும் ஊதா நிற மின்பொறி. நிகோலா டெஸ்லா 1891-ஆம் ஆண்டில் இதனை அமைத்தார். இதைச் செய்ய முற்படும் மாணவியர் முதலில் கேட்பது, "தலையை எந்த உலோகத்தால் செய்வது?" என்பதே. மின்சாரத்தை நன்கு கடத்துவது செம்பு. ஆகவே செம்பே வேண்டும் எனப் பலரும் கூறுவர். செம்புத் தகட்டின் விலையைக் கேட்டால் பெற்றோர் முகம் வாடும். ஆதலால் இதனைச் சற்று ஆராய்வோம்.

தலையின் வேலை என்ன? மின்னூட்டத்தைத் தேக்கி வைப்பது. தலை ஒரு மின்தேக்கியின் ஒரு தட்டுப் போன்றது. தரையும் சுற்றுப்புறமும் மறு தட்டு. தனித்து நிற்கும் கோளத்தின் மின்தேக்குத் திறன் அதன் ஆரத்தைப் பொறுத்தது. ஒரு செ.மீ. ஆரத்துக்கு ஏறத்தாழ 1.1 பிக்கோபாரட். 10 செ.மீ. ஆரமுள்ள உருண்டைக்கு 11 பிக்கோபாரட். அவ்வுருண்டை வெள்ளியாயினும் தகரமாயினும் இந்த எண் மாறாது. சூத்திரத்தில் உலோகத்தின் பெயருக்கு இடமே இல்லை!

அப்படியானால் மின்தடை? செம்பின் கடத்தும் திறனை 100 எனக் கொண்டால், வெள்ளிக்கு ஏறத்தாழ 106, அலுமினியத்துக்கு 63, நம் வீட்டு எவர்சில்வருக்கு 3-க்கும் குறைவு. இவ்வெண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 10 செ.மீ. விட்டமுள்ள குழாயில் 0.3 மி.மீ. கம்பியை 1000 சுற்றுகள் சுற்றினால், கம்பியின் நீளம் 314 மீட்டர்; அதன் மின்தடை ஏறக்குறைய 75 ஓம். உயர் அதிர்வெண்ணில் இது இன்னும் கூடும். அகன்ற தகடாகிய தலையின் மின்தடையோ, எவர்சில்வராய் இருந்தாலும், ஓர் ஓமில் சிறு பின்னமே. 75 ரூபாய்க் கடனில் ஒரு காசைக் குறைக்க யாரேனும் நகையை அடகு வைப்பார்களா? செம்புத் தலைக்குச் செலவிடுவது அது போன்றதே.

மற்றொன்றும் உண்டு. உயர் அதிர்வெண் மின்னோட்டம் உலோகத்தின் உட்புறம் செல்லாமல் மேற்பரப்பிலேயே ஓடும். நொடிக்கு 2 லட்சம் அதிர்வுகளில், செம்பில் அது இறங்கும் ஆழம் சுமார் 0.15 மி.மீ. தான். எனவே கெட்டியான உருண்டை வீண். உள்ளே வெற்றிடமாக இருக்கலாம், காகிதக்கூழாகக்கூட இருக்கலாம்.

உலோகத்தைவிடப் பன்மடங்கு முக்கியமானது உருவம். காற்று ஏறத்தாழ செ.மீ. ஒன்றுக்கு 30,000 வோல்ட் வரை தாங்கும். அதற்குமேல் உடைந்து பொறி பாயும். கூர்முனையிலும் கத்தி போன்ற விளிம்பிலும் மின்புலம் குவிவதால், மின்னழுத்தம் உயரும் முன்பே அங்கே கசிந்துவிடும். டெஸ்லா 1902-இல் விண்ணப்பித்து 1914-இல் பெற்ற அமெரிக்கக் காப்புரிமையிலும், வளைய வடிவான தலையை அரைக்கோள உலோகத் தகடுகளால் மூடச் சொல்கிறார். அவர் கவலையெல்லாம் பரப்பும் வளைவும் பற்றியதே. அந்த வளையத்தை நம் நாட்டுப் பெண்கள் நன்கறிவர். குடம் சுமக்கத் தலையில் வைக்கும் சும்மாடுதான் அது. இவ்வடிவம் சுருளின் மேல் சுற்றுகளிலிருந்து பொறி தாவாமலும் காக்கிறது.

ஆகவே எங்கள் பரிந்துரை அலுமினியம். செம்பின் அடர்த்தி 8.9, அலுமினியத்தின் அடர்த்தி 2.7 தான். குழாய் சாயாது, விலையும் குறைவு. உருட்டு விளிம்புள்ள இரண்டு இண்டாலியக் கிண்ணங்களை வாயோடு வாய் வைத்து இணைக்கலாம். அல்லது பாட்டிமார் கூடை செய்யும் காகிதக்கூழால் சும்மாடு செய்து, நன்றாகக் காயவைத்து, அலுமினியத் தாளைச் சுற்றி, கரண்டியின் பின்புறத்தால் சுருக்கங்களைத் தேய்க்கலாம். ஈரம் இருந்தால் பயனில்லை. பித்தளைச் செம்பும் வேலை செய்யும், கனம்தான் குறை. இரும்பு மட்டும் வேண்டாம். அது காந்தத் தன்மையுள்ளது. மின்னாற்றலை வெப்பமாக்கி வீணாக்கும், துருவும் பிடிக்கும்.

அலுமினியத்தில் சாதாரண ஈயப் பற்று ஒட்டாது. பரப்பில் படியும் மெல்லிய ஆக்சைடே காரணம். எனவே அவ்விடத்தை உப்புத்தாளால் தேய்த்து, செம்புக் கம்பியைத் திருகாணியும் வாஷரும் கொண்டு இறுக்க வேண்டும். கடலோர ஊர்களில் செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டால் விரைவில் அரிக்கும். நாகம் பூசிய வாஷரை இடையில் வைப்பது நல்லது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "உயர் அதிர்வெண் மின்சாரம் உடம்பைத் தீண்டாது" என்பது தவறு. அது அதிர்ச்சியாக உறைக்காமலே தசையைச் சுட்டுவிடும். முதன்மைச் சுற்றின் மின்தேக்கியோ, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உயிரைப் பறிக்கும் அளவு மின்னூட்டத்தை வைத்திருக்கக்கூடும். பௌதிக ஆசிரியை உடனில்லாமல் எவரும் இதனை இயக்கலாகாது. இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் அந்த அறைக்கே வரவேண்டாம்.

தலை முழுவதையும் வழவழப்பாக்கிய பின் ஒரு வேடிக்கை. பொறி எங்கிருந்து கிளம்பவேண்டும் என்பதை நாமே தீர்மானிக்கலாம். ஒரே ஒரு குண்டூசியை, முனை வெளியே நீட்டியிருக்குமாறு, தலையில் ஒட்டினால் போதும். பொறி பெரும்பாலும் அங்கிருந்தே புறப்படும். பார்வையாளர் நிற்கும் பக்கத்துக்கு எதிர்ப்புறமாக ஊசியை வைக்க வேண்டும்.