சிக்னல் வேகமாக அடித்தால் உடனே ரிலேவை மாற்றாதே

தங்கச்சி, அப்பாவின் பழைய புரோட்டோன் சாகாவை விற்காமல் வைத்துக்கொள்ளப் போகிறாய் என்று கேட்டதும் மனசு நிறைந்துவிட்டது. மலாயில் சாகா என்று சொல்லும் சிவப்பு விதையின் பெயரோடு 1985 ஜூலையில் சாலைக்கு வந்த கார். அதன் இன்ஜினை நீ நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறாய். சிக்னல் விளக்கையும் அதே அக்கறையோடு பார்க்க வேண்டும். லூபோக் சீனாவிலிருந்து மஸ்ஜித் தானா போகிற சாலையில், இருட்டிய பிறகு, நீ செம்பனைத் தோட்டத்துப் பாதைக்குள் திரும்பப் போகிறாய் என்பது பின்னால் வரும் லாரிக்காரருக்கு அந்த மஞ்சள் விளக்கால்தான் தெரியும்.

என் காரில் இடது சிக்னல் போட்டால் டிக்டிக்கென்று படபடவென அடித்துக்கொண்டிருந்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் ரிலே போய்விட்டது என்று புதிதாக மாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் அதே கதை, இன்னொரு ரிலே. கடைசியில் வயதான வயர்மேன் ஒருவர் பின்விளக்கைக் கழற்றி, எர்த் வயரைப் பிடித்திருந்த ஸ்குருவைக் காட்டினார். முழுக்கத் துரு. மணல்தாளால் தேய்த்து, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினார். பத்து நிமிட வேலை. நமக்கு லிங்கி ஆறும் கடலும் பக்கம். இந்த ஈரக்காற்றில் முதலில் கெடுவது இரும்பும் பித்தளையும் தொடும் இடங்கள்தான். அதனால் காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் துருவைத் தேடு.

வேகமாக அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று 21 வாட் பல்புகள் இரண்டும் எரிந்தால் சுமார் மூன்றரை ஆம்பியர் ஓடும். ஒன்று அணைந்தாலோ, எர்த் சரியில்லாமல் போனாலோ அது குறையும். மின்னணு ரிலே அதைக் கவனித்து, வேகமாக அடித்து உனக்குச் சொல்கிறது. சூடேறி வளையும் தகடு உள்ள பழைய ரிலேயாக இருந்தால் போதிய சூடு கிடைக்காமல், மின்னாமல் அப்படியே எரிந்துகொண்டு நிற்கலாம். நிமிடத்துக்கு 60 முதல் 120 தடவை மின்னினால் சரியான வேகம். கைப்பேசியில் நேரம் வைத்து எண்ணிப் பார்.

எல்.இ.டி. பல்பு போட்டாலும் இதே படபடப்பு வரும், அது கொஞ்சம் மின்சாரம்தான் எடுக்கும் என்பதால். அதற்குத் தோதான ரிலே போட்டுவிடு. சிலர் ரெசிஸ்டர் சேர்ப்பார்கள். அது கொதிக்கக் கொதிக்கச் சூடாகும், பிளாஸ்டிக் பக்கத்தில் இருப்பதை நான் விரும்பவில்லை.

இரண்டு பக்கமும் சுத்தமாக எரியவில்லையா? ஹசார்ட் சுவிட்சை அழுத்து. நான்கும் மின்னினால் பல்புகளும் எர்த்தும் நன்றாக இருக்கின்றன. பல கார்களில் இரண்டுக்கும் ஒரே ரிலேதான், ஆகவே ரிலேயும் தப்பித்தது. மிச்சம் சிக்னலின் ஃபியூஸ், இல்லையென்றால் அந்த ஹசார்ட் சுவிட்சே. வருஷக்கணக்கில் தொடாத சுவிட்சுக்குள் கரி பிடித்திருக்கும். இருபது தடவை அழுத்தி விட்டால் சில சமயம் உயிர் வந்துவிடும். ஹசார்ட்டில் நான்கும் மின்னி, சிக்னலில் ஒரு பக்கம் மட்டும் செத்திருந்தால் ஸ்டீரிங் பக்கத்துச் சுவிட்சைச் சந்தேகப்படு. ஃபியூஸ் மறுபடி மறுபடி போனால் எங்கோ வயர் உடம்பில் உரசுகிறது. பெரிய ஃபியூஸோ அலுமினியத் தாளோ வைத்துவிடாதே. வயர் எரியும், காரும் எரியும்.

பிரேக் மிதிக்கும்போது சிக்னல் மங்கினால், அல்லது டெயில் லைட் சிக்னலோடு சேர்ந்து துடித்தால், அநேகமாகப் பின்விளக்கின் எர்த்தான். நீளமான வயர் ஒன்றை எடுத்து, விளக்கின் எர்த் முனையிலிருந்து பேட்டரியின் நெகட்டிவ் வரைக்கும் கொடுத்துப் பார். பளிச்சென்று எரிந்தால் குற்றவாளி கிடைத்துவிட்டான். மல்டிமீட்டர் இருந்தால், விளக்கு எரியும்போது அதே இரண்டு இடங்களுக்கு நடுவே அளந்து பார், 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் தேய்க்க வேண்டியதுதான். தேய்ப்பதற்கு முன் பேட்டரியின் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடு.

பல்பு வாங்கும்போது பழையதைக் கையோடு கொண்டுபோ. மஞ்சள் கண்ணாடி உள்ள விளக்குக்கு வெள்ளைப் பல்பு. வெள்ளைக் கண்ணாடிக்கு மஞ்சள் பல்பு. மஞ்சள் பல்பில் பக்கவாட்டு முளைகள் கொஞ்சம் தள்ளி இருக்கலாம். உட்காராவிட்டால் அமுக்கித் திணிக்காதே.

எல்லாம் முடிந்ததும், பொழுது சாய்கிற நேரத்தில் காரைப் பின்பக்கமாகச் சுவர்ப் பக்கம் நிறுத்து. பெரிய விளக்கைப் போட்டு, பிரேக்கையும் மிதித்துக்கொண்டே இடது, வலது சிக்னலை மாற்றி மாற்றிப் போடு. சுவரில் விழும் இரண்டு வெளிச்சமும் ஒரே அளவு பிரகாசமாக, ஒரே தாளத்தில் இருக்க வேண்டும். அதற்கப்புறம் ராத்திரியில் காரை எடு.