புதுக் கிதார் விரலைக் கடிப்பது ஏன்?



சென்ற ஆண்டு கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி தொடங்கிய வாரத்தில், ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி புத்தம் புதுக் கிதாருடன் வந்தாள். பத்தே நாளில் அதன் உறையைத் திறக்கவும் மறுத்துவிட்டாள். "ஏனுங்க டீச்சர், அத்தன காசு போட்டு வாங்கிக் குடுத்தமுங்க. இப்ப விரல் வலிக்குது, வேண்டாங்கறா" என்று அவள் தாயார் வருந்தினார். பாடற்குழுவிலோ வேறு புகார். அவள் கிதார் ஆர்மோனியத்தோடு சேரவில்லையாம். அவளுக்குக் காது போதாதாம்!

நான் அவள் விரலையும் பார்க்கவில்லை, காதையும் சோதிக்கவில்லை. ஓர் இரும்பு ஸ்கேலை எடுத்துக் கம்பியின் உயரத்தை அளந்தேன். (பிளாஸ்டிக் ஸ்கேல் உதவாது. பூஜ்யம் விளிம்பிலேயே தொடங்க வேண்டும்.) பன்னிரண்டாம் மெட்டின் தலைக்கும் தடித்த கம்பியின் அடிக்கும் இடையே மூன்றரை மில்லிமீட்டர் இடைவெளி இருந்தது. இரண்டரை போதும், மெல்லிய கம்பிக்கு இரண்டு போதும். ஒரு மில்லிமீட்டர்தானே என்று எண்ணாதீர்கள். அழுத்தும் விரலுக்கு அது பெரிய பள்ளம்.

கடையில் தொங்கும் கிதார் செய்து முடித்த கிதார்தான். வாசிக்கத் தயாரான கிதார் அன்று. நம் வீணையை எண்ணிப் பாருங்கள். தஞ்சாவூர் வீணையின் 24 மெட்டுக்களையும் மெழுகில் ஒவ்வொன்றாகப் பதித்துச் சுருதி பார்த்து 'மேளம் கட்டி'த் தருகிறார்கள். மெழுகு இளகினால் மீண்டும் கட்டுவார்கள். மேளம் கட்டாத வீணையை வாசிக்க ஒருவரும் உட்காரமாட்டார். கிதாரில் மெட்டுக்கள் அசையாதபடி மரத்திலேயே அடிக்கப்பட்டிருப்பதால், இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று நாம் நினைத்துவிடுகிறோம். கழுத்தின் வளைவு, தலைப்பக்கத்து 'நட்', வயிற்றுப்பக்கத்து 'சேடில்' ஆகிய மூன்றும் கவனிக்கப்படாமலே நம் கைக்கு வருகின்றன.

அதோடு, கிதார் மரத்தாலானது. ஈரக்காற்றில் வளர்ந்த மரம் மழை மறைவுப் பகுதியான நம் வெள்ளகோவிலுக்கு வந்ததும் ஈரத்தை விட்டுச் சுருங்கும். ஆறு இரும்புக் கம்பிகளும் சேர்ந்து சுமார் 70 கிலோ எடையளவுக்குக் கழுத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. தறியில் பாவின் இழுப்பு மாறினால் துணி என்னவாகும் என்பதை நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரிசெய்வதில் முதலில் வருவது கழுத்து. அது அசைந்தால் மற்ற எல்லா அளவும் மாறிவிடும். ஒரு கம்பியை முதல் மெட்டிலும், கழுத்து உடலோடு சேரும் இடத்திலும் ஒரே சமயத்தில் அழுத்திக்கொண்டு, நடுவே ஏழாம் மெட்டின் அருகில் பாருங்கள். அஞ்சலட்டை நுழையும் அளவு சந்து இருந்தால் நலம். கூடுதலாக இருந்தால் கழுத்தினுள் ஓடும் 'ட்ரஸ் ராடு' என்னும் இரும்புத் தண்டைக் கால் சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்குவார்கள். இதை நீங்கள் செய்ய வேண்டாம். அளவு மீறி முறுக்கினால் கழுத்தே போய்விடும்.

அடுத்தது நட். கம்பியை மூன்றாம் மெட்டில் அழுத்தினால் முதல் மெட்டின்மேல் மயிரிழை அளவே இடம் தெரிய வேண்டும். அதற்கு மேல் இருந்தால் தொடக்கப் பாடங்களில் வரும் கார்டுகளே விரலைக் கொல்லும்.

பிறகு சேடில். இங்கே பத்தாம் வகுப்பு மாணவியர் கொஞ்சம் கவனியுங்கள்! பன்னிரண்டாம் மெட்டு கம்பியின் சரிபாதியில் இருக்கிறது. நட் அசையாத முனை. எனவே வடிவொத்த முக்கோண விதிப்படி, நடுவில் 1 மில்லிமீட்டர் இறங்க வேண்டுமானால் சேடிலில் 2 மில்லிமீட்டர் குறைக்க வேண்டும். கம்பி உட்காரும் மேல் விளிம்பைத் தொடாமல் அடிப்பக்கத்தைத்தான் தேய்ப்பார்கள். அந்த மாணவியின் கிதாருக்குக் கோவையில் செய்த வேலை பெரும்பாலும் இவ்வளவே.

காது விஷயத்துக்கு வருவோம். கம்பி உயரத்தில் இருந்தால் அழுத்தும்போது அது இழுபடும். இழுபட்டால் சுருதி ஏறும். ஐந்தாம் கம்பியைத் திறந்து மீட்டினால் 110 அதிர்வு. பன்னிரண்டாம் மெட்டில் சரியாக 220 வர வேண்டும். உயரமான கம்பி அதைத் தாண்டிவிடும். அதாவது, திறந்த கம்பிகளைச் சரியாகச் சுருதி கூட்டியவள்கூட கார்டு பிடித்தவுடன் ஆர்மோனியத்தைவிட்டு விலகிப் போவாள். பாவம், பழி அவள் காதின்மேல்! இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வெளியிட்ட திருவழிபாட்டு ஏடு, ஆர்கனுக்கு உயர்ந்த மதிப்பளித்து, மற்றக் கருவிகளையும் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு வழிபாட்டில் சேர்க்க இடம் தந்தது. பீடத்தின் அருகே வந்துவிட்ட கருவி சுருதி பிசகலாமா?

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. சிறுமியருக்கு மெல்லிய கம்பித் தொகுதி (முதல் கம்பி 10 எண்) போடச் சொல்லுங்கள்; இழுவை குறையும். நைலான் கம்பிக்கென்று செய்த கிதாரில் இரும்புக் கம்பி மாட்டினால் பிரிட்ஜ் பெயர்ந்து வரும். எவ்வளவு நன்றாகச் சரிசெய்தாலும் முதல் சில வாரம் விரல்நுனி வலிக்கத்தான் செய்யும். அந்த வலி தோல் தடித்ததும் போய்விடும். உயரத்தால் வரும் வலி போகாது.

சித்திரை வெயிலில் ஒரு முறையும் ஐப்பசி மழையில் ஒரு முறையும் ஸ்கேலை வைத்துப் பாருங்கள். வெயிலில் மேற்பலகை தாழ்ந்து கம்பி மெட்டில் உரசி இரையும். மழையில் உப்பிக் கம்பி உயரும். கோடையில், ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் ஈரப் பஞ்சைப் பிழிந்து வைத்து உறைக்குள் போடலாம். ஓட்டுக் கூரையின் கீழே, மேற்குச் சுவரில் சாய்த்து வைப்பது வேண்டவே வேண்டாம்.

பழுது பார்ப்பவர் புதுச் சேடில் மாட்டினால் பழையதைக் கேட்டு வாங்கி உறையிலேயே போட்டு வையுங்கள். கோடையில் கம்பி மிகவும் இறங்கி இரைச்சல் கேட்டால், உயரமான அந்தப் பழைய துண்டு கைகொடுக்கும்.