இராப் பயத்துக்கு ஒரு நிழல் வௌவால்

கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தகப்பன் முகம் தெரிவது பெரும்பாலும் இராத்திரியில்தான். கணக்கு முடித்துக் கதவைப் பூட்டி நாம் வீடு சேரும்போது மணி பத்தாகிவிடுகிறது. அந்நேரத்திலும் பிள்ளை தூங்காமல் போர்வைக்குள் சுருண்டு கிடந்தால், "என்னடா சேட்டை?" என்று அதட்டத்தான் தோன்றும். அது சேட்டையல்ல, பயமாயிருக்கலாம் என்று நாம் எண்ணிப் பார்ப்பது அபூர்வம்.

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள பிள்ளைகளிடம் இருட்டுப் பயம் சாதாரணமாகக் காணப்படுவதே. கற்பனை வளர்கிற வயது அது. நினைப்பது எது, நடப்பது எது என்று பிரித்தறியப் பழகியிராது. போதாக்குறைக்குப் பெரியவர்களும் தங்கள் பங்கைச் சேர்த்துவிடுகிறார்கள். சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி, அழுதால் பொந்தியானாக்! ஒரு முஸ்லிம் இன்னொரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது ஆகாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்திருக்கிறார்கள். தூங்கிக் கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றவர்கள் எடுக்கப்போய், அவர் திடுக்கிட்டு எழுந்தபோது சொன்னது அது. வளர்ந்த மனிதருக்கே அப்படியென்றால் ஐந்து வயதுப் பிள்ளையின் நிலை என்ன?

படுக்குமுன் ஓதி, உள்ளங்கைகளில் ஊதி, உடலில் தடவிக்கொள்ளும் சுன்னத்து நமக்குத் தெரியும். அதை விடலாகாது. அத்துடன் பிள்ளையின் கைக்கு ஒரு வேலையும் கொடுக்கலாம் என்பதையே இங்கு சொல்ல வந்தேன்.

என் இளைய மகனுக்கு ஆறு வயது. ஆணியில் தொங்கும் சட்டை தெருவிளக்கின் வெளிச்சத்தில் சுவரில் ஆள் போல விழும். வெளியே மரத்தில் வௌவால் சிறகடித்தால் போதும், குளியலறைக்குப் போகமாட்டான். பாயை நனைத்துவிட்டு, ராத்தா கேலி செய்வாளே என்று காலையில் அதைச் சுருட்டி ஒளித்து வைப்பான். பயத்தைவிட அந்த வெட்கம்தான் பிள்ளையை அதிகம் வாட்டுகிறது.

ஆகவே வௌவாலிலிருந்தே தொடங்கினோம். நம் பாலோ சேர்ந்திருக்கும் குளுவாங் மாவட்டத்தின் பெயரே 'கெலுவாங்' என்னும் பெரிய பழந்தின்னி வௌவாலிலிருந்து வந்ததுதான். சிறகை விரித்தால் ஐந்தடி வரை வரும். தின்பது பழமும் பூந்தேனும், இரத்தமல்ல. இது இரத்தம் குடிக்கும் என்ற தவறான நம்பிக்கையில், 1758-ல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு இரத்தக் காட்டேரியின் பெயரையே சூட்டிவிட்டார். படித்தவர்க்கும் பயம் உண்டு போலும்! டுரியான் பூக்களில் மகரந்தம் சேர்ப்பதிலும் வௌவால் இனத்துக்குப் பங்குண்டு என்றதும், டுரியான் பிரியனான மகன் போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தான்.

செய்முறை எளிது. பிஸ்கட் பெட்டியின் மெல்லிய அட்டையை இரண்டாக மடியுங்கள். மடிப்பை ஒட்டிப் பாதி உடலும் ஒரு சிறகும் பிள்ளையே வரையட்டும். கோணலாக இருந்தாலும் திருத்த வேண்டாம். வெட்டி விரித்தால் இரு சிறகும் ஒத்திருக்கும். முதுகில் ஒரு சாத்தே குச்சியை, கூர்முனையை நறுக்கிவிட்டு, டேப்பால் ஒட்டினால் வேலை முடிந்தது. வெளிச்சத்துக்குக் கைப்பேசியின் சிறு விளக்கே மேல். ஒளி வரும் இடம் எவ்வளவு சிறியதோ நிழல் அவ்வளவு கூர்மை. நீளக் குழல் விளக்கில் நிழல் மங்கிப் போகும்.

இனிக் கணக்கு. சுவருக்கு ஆறடி தள்ளி விளக்கை வையுங்கள். விளக்குக்கும் சுவருக்கும் நடுவில், மூன்றடியில், வௌவாலைப் பிடித்தால் நிழல் இரு மடங்கு. விளக்கிலிருந்து ஒன்றரையடியில் பிடித்தால் நான்கு மடங்கு. சுவரோடு ஒட்டினால் அட்டையின் அளவேதான். குச்சியைப் பிள்ளை கையில்தான் கொடுக்கவேண்டும். சுவரை நிறைக்கும் பூதத்தைத் தானே வளர்த்துத் தானே சுருக்கும்போது, அது எங்கிருந்து வருகிறது என்பதைக் கை அறிந்துகொள்கிறது. "நிழல்தானே, பயப்படாதே" என்று நாம் நூறு தடவை சொல்வதில் அந்த அறிவு வராது.

பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இருட்டறையையே பாடசாலையாக்கியவர். அறைக்கு வெளியே பல விளக்குகளை வைத்து, ஒரு துளை வழியே அவற்றின் ஒளி உள்ளே தனித்தனியே விழக் கண்டார். ஒரு விளக்கை மறைத்தால் அதற்குரிய வெளிச்சம் மட்டும் மறைந்தது. எதை மறைத்தால் எது மறைகிறது என்று பார்க்கும் அதே பாடத்தை ஆணிச் சட்டையை வைத்தும் நடத்தலாம். பிள்ளையே சட்டையைக் கழற்றட்டும், ஆள் போய்விடுவான். திரும்ப மாட்டட்டும், வந்துவிடுவான். என் மகன் மூன்று இரவுகள் இதையே செய்தான். நான்காம் இரவு சட்டையை மறந்துவிட்டான். பாய் நனைவது உடனே நின்றுவிடவில்லை, குறைந்திருக்கிறது. பல வாரங்களாகியும் பயம் தணியாமல் தூக்கமும் பள்ளிப் படிப்பும் கெட்டால் டாக்டரிடம் காட்டவேண்டும்.

மெழுகுவர்த்தியும் மண்ணெண்ணெய் விளக்கும் இவ்வேலைக்கு ஆகா. எலி திரியை இழுத்து வீட்டை எரித்துவிடக்கூடும் என்பதால் தூங்குமுன் விளக்கை அணைக்கச் சொன்ன நபிமொழி நமக்கு இருக்கிறது. பிள்ளை தலைமாட்டில் வைத்துக்கொள்ளச் சிறு டார்ச் வாங்கினால், பொத்தான் போன்ற வட்ட பேட்டரி போட்டதைத் தவிர்க்கவும். அதை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடக்கூடும். விளையாட்டுச் சாமான் விற்கும் சகோதரர்கள், பேட்டரி மூடி திருகாணியால் இறுக்கியிருக்கிறதா என்று பார்த்த பின்பே சரக்கு எடுக்க வேண்டுகிறேன்.