நான்காவது மருந்தை எழுதும் முன்



எட்டு வயதுப் பையன். வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை, பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான், வீட்டில் கைக்குக் கிடைத்ததை வீசுகிறான். மூன்று மருந்து கொடுத்துப் பார்த்தாயிற்று, நான்காவதாக எதை எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு எதையும் எழுதாதீர்கள். அந்த மூன்றையும் என்ன டோஸில், எத்தனை வாரம் கொடுத்தீர்கள், பலனைப் பார்த்துச் சொன்னது யார் என்பது உங்கள் கடிதத்தில் இல்லை. அது தெரியாமல் ஒரு மருந்தைக் "கேட்கவில்லை" என்று தள்ளக் கூடாது.

அதைவிட முக்கியமானதைக் கடைசியில் போகிறபோக்கில் சொல்லியிருக்கிறீர்கள்: போன வருடம் வலிப்புக்காக லெவெடிராசிடம் என்ற மருந்தைத் தொடங்கினார்கள். வலிப்பை நன்றாக அடக்கும் மருந்து அது. ஆனால் சில பிள்ளைகளுக்கு எரிச்சலையும் மூர்க்கத்தையும் கிளப்பிவிடும். பழைய பீனோபார்பிடோனும் அப்படித்தான். அதைச் சாப்பிட்டுத் தூங்கி வழியவேண்டிய குழந்தை கால் தரையில் பாவாமல் ஓடும். பையன் கடிக்க ஆரம்பித்தது வலிப்பு மருந்துக்கு முன்பா, பின்பா என்று அம்மாவிடம் கேளுங்கள். பின்புதான் என்றால், அதை மாற்ற முடியுமா என்று நரம்பியல் மருத்துவரிடம் பேசுங்கள். நீங்களாக நிறுத்திவிட வேண்டாம், வலிப்பு திரும்பும். ஒரு மருந்தின் பக்க விளைவுக்கு இன்னொரு மருந்தை எழுதி, அதன் விளைவுக்கு மூன்றாவதை எழுதி, பிளாஸ்டிக் பை நிறைய மாத்திரை அட்டைகளோடு வந்து நிற்கும் குடும்பங்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. காது சரியாகக் கேட்கிறதா, இரவில் வாயைத் திறந்து குறட்டை விடுகிறானா, ரத்தத்தில் இரும்புச்சத்து போதுமா, எழுத்துக்கூட்டிப் படிக்க வருகிறதா என்பதையும் இதே சமயத்தில் பார்த்துவிடுங்கள்.

இதெல்லாம் பார்த்த பிறகும் ஏ.டி.எச்.டி. (கவனக் குறைவும் மிகை இயக்கமும் சேர்ந்த கோளாறு) தான் என்று உறுதியானால் மருந்து வேண்டும். அதில் எனக்குத் தயக்கமில்லை. 1937இல் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் மருத்துவர் சார்லஸ் பிராட்லி, தம் விடுதிப் பிள்ளைகளின் தலைவலி தீரும் என்று நினைத்து பென்செட்ரின் என்ற தூண்டுமருந்தைக் கொடுத்தார். தலைவலி பெரிதாகத் தீரவில்லை. ஆனால் 30 பேரில் 14 பேரின் படிப்பு சட்டென்று மேம்பட்டது. அதைக் கண்டு சொன்னவர்கள் ஆசிரியர்கள். இன்றும் நமக்கு அவர்களை விட்டால் வேறு கண் இல்லை.

ஏ.டி.எச்.டி. சிகிச்சை முறைகளைப் பிரிவு பிரிவாக ஒப்பிட்டு 1999இல் வெளிவந்த எம்.டி.ஏ. ஆய்வை நீங்கள் தேர்வுக்குப் படித்திருப்பீர்கள். ஏழு முதல் ஒன்பது வயதுவரையான 579 பிள்ளைகள், 14 மாத சிகிச்சை. வெளி மருத்துவர்களிடம் போன பிரிவிலும் மூன்றில் இரண்டு பங்குப் பிள்ளைகள் மருந்து சாப்பிட்டார்கள், பெரும்பாலும் அதே வகை மருந்து. ஆனாலும் ஆய்வுக் குழுவினர் மருந்து கொடுத்த பிள்ளைகள்தான் தெளிவாகத் தேறினார்கள். அங்கே முதல் 28 நாளில் ஒவ்வொரு பிள்ளைக்கும் உரிய டோஸைத் தேடிக் கண்டார்கள். பிறகு மாதந்தோறும் அரை மணி நேரம் குடும்பத்தோடு உட்கார்ந்தார்கள், ஆசிரியரிடமும் கேட்டார்கள். அந்தத் தீவிர சிகிச்சை முடிந்தபின் இடைவெளி சுருங்கி, மூன்றாம் ஆண்டில் பிரிவுகளுக்குள் வித்தியாசமே இல்லை. நல்ல மருந்து என்பதில் பாதி, அதைக் கொடுத்துவிட்டு நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதில் இருக்கிறது.

ஓர் உதாரணம். பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி. மருந்தான மீதைல்பெனிடேட் தொடங்கிய அம்மா இரண்டாம் வாரம் வந்து, "மாத்திரை போட்டதிலிருந்து இன்னும் மோசம் டாக்டர், பேய் பிடிச்ச மாதிரி ஆடுறான்" என்பார். உடனே சீட்டில் அதை அடித்துவிடாதீர்கள். எத்தனை மணிக்கு என்று கேளுங்கள். பள்ளி விட்டு வந்ததும் என்றால், அது மருந்து இறங்கும் நேரம். சாதாரண மாத்திரை மூன்று நான்கு மணி நேரம்தான் வேலை செய்யும். பள்ளியிலிருந்து ஆசிரியை, "பரவாயில்லை, இப்போது எழுதுகிறான்" என்று குறிப்பு அனுப்பியிருப்பார். டிபன் டப்பா மட்டும் திறக்காமல் திரும்பியிருக்கும், ஏனென்றால் மதியம் பசி இருக்காது. மருந்தைக் காலை உணவுக்குப் பின் கொடுக்கச் சொல்லுங்கள். இரவில் நன்றாகச் சாப்பிடட்டும். நேரத்தையும் டோஸையும் கொஞ்சம் மாற்றினாலே பல பிள்ளைகள் சரியாகிவிடுவார்கள்.

மீதைல்பெனிடேட் சட்டக் கட்டுப்பாட்டுக்குள் வருவதால் எல்லாக் கடையிலும் கிடைக்காது. சிறிய ஊர்க் குடும்பத்திடம் எங்கே வாங்குவீர்கள் என்று கேட்டுவிட்டே எழுதுங்கள். அதற்குப் பதிலாக அடோமாக்செடின் என்றால் நான்கு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும் என்று அப்பாவையும் உட்காரவைத்துச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பத்தாம் நாள் மாத்திரை குப்பைக்குப் போகும்.

மூர்க்கத்துக்கு எழுதப்படும் ரிஸ்பெரிடோன் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் மூர்க்கத்துக்கு அது உதவுகிறது. 2002இல் வந்த ஓர் ஆய்வு அதைக் காட்டியது. அதே ஆய்வில் எட்டே வாரத்தில் சராசரியாக 2.7 கிலோ எடை கூடியது. நம் ஊரில் குழந்தை சதை போட்டால் பாட்டிக்கு மகிழ்ச்சி, சத்தம் போடாவிட்டால் பள்ளிக்கு மகிழ்ச்சி. "இப்ப சமர்த்தா இருக்கான்" என்று யாராவது சொன்னால் பையனையே பாருங்கள். விளையாடுகிறானா, சிரிக்கிறானா, மேசையில் தலையைச் சாய்த்துக் கிடக்கிறானா? பெரியவர்களின் நிம்மதிக்காகக் குழந்தையைத் தூங்கவைப்பது சிகிச்சை ஆகாது.

"சேட்டை குறையணும்" என்று அம்மா சொல்வதை இலக்காக எடுத்துக்கொள்ளாதீர்கள். இந்த மாதம் எது ஒன்று மாறினால் வீட்டில் மூச்சு விடலாம் என்று கேட்டு, அதை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். கடிப்பதுதான் என்றால், நாளுக்கு எத்தனை முறை என்று வீட்டிலும் வகுப்பிலும் குறிக்கட்டும். மருந்துகளில் ஒரு சமயத்தில் ஒன்றைத்தான் மாற்ற வேண்டும். பெற்றோர் பயிற்சியையும் மருந்தோடு சேர்த்தே தொடங்குங்கள்.

பையனின் எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆசிரியை கைப்பட எழுதிய ஒரு பக்கம், வலிப்பு மருந்து தொடங்கிய தேதி ஆகியவற்றை எனக்கு அனுப்புங்கள். மருந்தின் பெயரை அதன்பின் பேசுவோம்.