வீட்டிலேயே பாட்டுப் பதிவு: குறைந்த செலவில் மிக்சர் வாங்கச் சில குறிப்புகள்

மாடி அறையில் நாலைந்து பேர் சேர்ந்து வாசிக்கும் குழுக்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கின்றன. நாலு பாட்டு தேறியதும் பதிவு செய்ய ஆசை வரும். ஸ்டூடியோவுக்கு மணிக்கணக்கில் வாடகை கொடுத்துக் கட்டுப்படியாகாமல் பலரும் சொந்தமாக ஒரு மிக்சர் வாங்கக் கிளம்புகிறார்கள். கடையில் பெரும்பாலும் மேடைக் கச்சேரிக்கு ஏற்ற மிக்சரைத்தான் காட்டுவார்கள். மேடைக்கு வேண்டியது வேறு, பதிவுக்கு வேண்டியது வேறு. அந்த வித்தியாசம் தெரிந்துவிட்டால் பாதிப் பணம் மிச்சம்.

1. முதலில் ஒரு தாளில் கணக்குப் போடுங்கள். ஒரே நேரத்தில் எத்தனை மைக், எத்தனை வயர் மிக்சருக்குள் வரும்? பாடுபவருக்கு ஒன்று, கிட்டாருக்கு ஒன்று, பேஸ் கிட்டாருக்கு ஒன்று. கீபோர்டு ஸ்டீரியோ என்பதால் இரண்டு. மிருதங்கத்துக்கு வலந்தலையில் ஒன்று, தொப்பியில் ஒன்று. ஆக ஏழு ஆகிவிட்டது. டிரம் செட் இருந்தால் அதற்கு மட்டுமே குறைந்தது நாலு மைக் வேண்டும். குழு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து வாசிப்பதானால் எட்டு மைக் உள்ளீடு உள்ள கருவியைக் குறி வையுங்கள். ஒவ்வொருவராக வாசித்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்ப்பதானால் இரண்டே போதும். அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் 1982இல் வெளியிட்ட 'நெப்ராஸ்கா' ஆல்பம், அவர் வீட்டில் நாலு டிராக் கேசட் ரிகார்டரில் இரண்டு ஷூர் எஸ்எம்57 மைக்கை வைத்துப் பதிவானதுதான்.

2. பெட்டியில் அச்சடித்த எண்ணை நம்பி வாங்காதீர்கள். 'பத்து சேனல்' என்றால் பத்து மைக் மாட்டலாம் என்று பொருளில்லை. யமஹா எம்ஜி10எக்ஸ்யூ நல்ல மிக்சர்தான். ஆனால் அதில் மைக் மாட்ட இடம் நாலுதான். மற்றவை கீபோர்டு, போன் போன்றவற்றுக்கான ஸ்டீரியோ லைன் உள்ளீடுகள். மூன்று துளை உள்ள எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டுகளை விரலால் எண்ணிப் பாருங்கள். அதுதான் உண்மையான கணக்கு.

3. இந்தக் குறிப்பை மட்டும் இரண்டு முறை படியுங்கள், ஏனென்றால் ஏமாற்றம் அதிகம் நடப்பது இங்கேதான். மிக்சரில் யுஎஸ்பி இருக்கிறது என்பதாலேயே அது ஒவ்வொரு வாத்தியத்தையும் தனித்தனியாகக் கணினிக்கு அனுப்பும் என்று ஆகாது. விலை குறைந்த யுஎஸ்பி மிக்சர்களில் பெரும்பாலானவை எல்லா ஒலியையும் கலந்து இடம், வலம் என இரண்டே டிராக்காக அனுப்புகின்றன. பதிவு முடிந்த பிறகு பாட்டுக் குரல் மட்டும் கொஞ்சம் தூக்கலாக வேண்டும் என்றால் முடியாது. பேஸ் ஓர் இடத்தில் தவறினால் மொத்தப் பாட்டையும் மறுபடி வாசிக்க வேண்டியதுதான்.

பெயரும் தோற்றமும் ஒன்றாக இருக்கும் மாடல்களிலேயே இந்த வேறுபாடு ஒளிந்திருக்கும். சவுண்ட்கிராஃப்ட் சிக்னேச்சர் 12 யுஎஸ்பி வழியாக இரண்டு டிராக்தான் அனுப்பும். பெயரின் கடைசியில் 'எம்டிகே' சேர்ந்த சிக்னேச்சர் 12 எம்டிகே பதினான்கு டிராக் அனுப்பும். பெஹ்ரிங்கர் எக்ஸ்ஆர்18 பதினெட்டு டிராக்கைக் கணினிக்குக் கொடுக்கிறது. அதன் தம்பியான எக்ஸ்ஆர்16 பென் டிரைவில் ஸ்டீரியோவாகப் பதிவதோடு சரி. கடைக்காரரிடம் 'யுஎஸ்பி இருக்கிறதா' என்று கேட்காதீர்கள். 'யுஎஸ்பியில் எத்தனை டிராக் தனியாகப் போகும்' என்று கேளுங்கள். அவருக்குத் தெரியாவிட்டால் தயாரிப்பாளரின் தளத்தில் கையேடு இலவசமாகக் கிடைக்கும். அதன் கடைசிப் பக்கங்களில் இருக்கும் பிளாக் டயகிராமைப் பார்த்தால் ஒலி எந்த இடத்திலிருந்து யுஎஸ்பிக்குப் பிரிகிறது என்பது விளங்கிவிடும்.

4. ஏற்கெனவே இரண்டு டிராக் மிக்சர் வாங்கிவிட்டீர்களா? வீணாகவில்லை. குரலின் பேன் குமிழை முழுக்க இடப்பக்கமும், மற்ற எல்லா வாத்தியத்தையும் முழுக்க வலப்பக்கமும் திருப்பிவிட்டுப் பதிவு செய்யுங்கள். கணினியில் குரல் தனி டிராக்காகவும் வாத்தியங்கள் தனி டிராக்காகவும் வந்து சேரும். ஸ்டீரியோ விரிவு போய்விடும் என்பது உண்மை. ஆனால் குரலின் அளவைப் பிறகு மாற்ற முடிவது அதைவிடப் பெரிய லாபம்.

5. கணினியே வேண்டாம் என்பவர்களுக்கு எஸ்டி கார்டில் நேராகப் பதியும் மிக்சர்கள் வந்துவிட்டன. டாஸ்காம் மாடல் 12, ஜூம் லைவ்ட்ராக் எல்-8, எல்-12 ஆகியவை அந்த வகை. வீட்டுக் குழுக்களுக்கு நான் முதலில் சொல்வது இவற்றைத்தான். வாசிக்கும் நேரத்தில் லேப்டாப் திணறுவது, டிரைவர் தகராறு, நடுவில் வரும் அப்டேட் எதுவும் இல்லை. பொத்தானை அழுத்தினால் ஒவ்வொரு சேனலும் தனிக் கோப்பாகக் கார்டில் இறங்கும். மிக்சிங்கைப் பிறகு நிதானமாகக் கணினியில் செய்யலாம். எல்-8 நாலு ஏஏ பேட்டரியிலும் ஓடும் என்பதால் மின்வெட்டு வந்தாலும் பதிவு நிற்காது.

6. எக்ஸ்ஆர்18 போன்றவற்றில் தள்ளுவதற்கு ஃபேடரே கிடையாது. டேப்லெட்டிலோ லேப்டாப்பிலோதான் இயக்க வேண்டும். பதினாறு மைக் உள்ளீடு இந்த விலைக்கு வேறு எதிலும் எளிதில் கிடைக்காது. ஆனால் தனித்தனி டிராக்காகப் பதிய கணினி கட்டாயம். கையால் குமிழைத் திருப்பித்தான் பழக்கம் என்பவர்கள் ஒருமுறை இயக்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

7. உங்களுக்கு மிக்சரே தேவையில்லாமலும் இருக்கலாம். மேடை நிகழ்ச்சி இல்லை, பதிவு மட்டும்தான் என்றால் எட்டு மைக் உள்ளீடு உள்ள ஆடியோ இன்டர்ஃபேஸ் போதும். பெஹ்ரிங்கர் யுஎம்சி1820, ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 18ஐ20 இரண்டிலும் எட்டு மைக் ப்ரீஆம்ப் உண்டு. பின்னால் டிரம் செட் சேர்ந்தால் ஏடிஏ8200 போன்ற ஒரு பெட்டியை ஆப்டிகல் வயரில் இணைத்து இன்னும் எட்டு மைக் கூட்டிக்கொள்ளலாம். மேடையிலும் வாசிப்பீர்கள் என்றால் மிக்சர் பக்கமே இருங்கள்.

8. கண்டன்சர் மைக்குக்கு 48 வோல்ட் பேண்டம் பவர் வேண்டும். பல சிறிய மிக்சர்களில் ஒரே சுவிட்ச் எல்லா மைக்குக்கும் சேர்த்து மின்சாரம் கொடுக்கும். எஸ்எம்58 போன்ற டைனமிக் மைக்குக்கு அதனால் கெடுதல் இல்லை. பழைய ரிப்பன் மைக் இருந்தால் அதைக் கழற்றிவிட்டுத்தான் சுவிட்சைப் போட வேண்டும்.

9. கிட்டார் வயரை நேராக லைன் உள்ளீட்டில் செருகினால் ஒலி மந்தமாக, உயிரில்லாமல் கேட்கும். 'ஹை-இசட்' என்று குறித்த உள்ளீடு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் ஒரு டிஐ பாக்ஸ் வாங்கி அதன் வழியாக மைக் சாக்கெட்டில் கொடுங்கள். பேஸ் கிட்டாருக்கும் இதே வழிதான்.

10. ஹெட்போன் துளைகளை எண்ண மறந்துவிடுகிறோம். ஐந்து பேர் ஓர் அறையில் வாசிக்கும்போது ஸ்பீக்கர் போட்டால் அந்த ஒலி மைக்குகளுக்குள் திரும்பப் போய்விடும். ஆகவே ஆளுக்கொரு ஹெட்போன் தேவை, அதுவும் காதை மூடும் வகை. ஜூம் எல்-12இல் ஐந்து ஹெட்போன் வெளியீடு இருக்கிறது. ஒவ்வொருவருக்கும் வேறு வேறு அளவில் கலந்து கொடுக்கலாம். மிருதங்கம் வாசிப்பவர் குரலைத் தூக்கலாகக் கேட்கட்டும், பாடுபவர் சுருதியைத் தூக்கலாகக் கேட்கட்டும். வாசிப்பின் தரம் அங்கேயே கூடிவிடும். உங்கள் மிக்சரில் ஒரே ஹெட்போன் துளைதான் என்றால் நாலு பேருக்குப் பிரித்துக் கொடுக்கும் சிறிய ஹெட்போன் ஆம்ப் ஒன்று சேர்த்து வாங்குங்கள்.

11. கணினி வழியாகச் சுற்றி வரும் ஒலியைக் கேட்டுக்கொண்டு பாடினால் தாளம் பின்தங்குவது போலத் தோன்றும். மிக்சரிலிருந்தே நேராக ஹெட்போனுக்குக் கேட்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். விண்டோஸ் கணினி என்றால் தயாரிப்பாளர் தரும் ஏஎஸ்ஐஓ டிரைவர் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு இருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே பாருங்கள்.

12. நம் வீடுகளில் பதிவின் முதல் எதிரி இரைச்சல். 50 ஹெர்ட்ஸில் 'ம்ம்ம்' என்று ஒரு ஒலி கேட்டால் மிக்சரைக் குறை சொல்வதற்கு முன் இவற்றைச் செய்து பாருங்கள்: மிக்சர், லேப்டாப், கீபோர்டு மூன்றையும் ஒரே பிளக் பாயின்டில் இருந்து எடுங்கள். லேப்டாப் சார்ஜரைக் கழற்றிவிட்டு பேட்டரியில் ஓட்டுங்கள். ஃபேன் ரெகுலேட்டரையும் சோக் போட்ட டியூப்லைட்டையும் அணைத்துப் பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டர் மின்சாரத்தில் பதிவு செய்யவே வேண்டாம். இரைச்சல் போகிறது என்பதற்காக மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை மட்டும் எக்காரணம் கொண்டும் எடுத்துவிடாதீர்கள். மைக்கைப் பிடித்துப் பாடும் ஒருவரின் உயிர் அந்தப் பின்னில் இருக்கிறது. எர்த் வழியாக வரும் இரைச்சலை நிறுத்த, டிஐ பாக்ஸில் இருக்கும் 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்ச் போதும்.

13. பழைய மிக்சர் வாங்குவதில் தப்பில்லை. நல்ல பேரம் கிடைக்கும். போகும்போது ஒரு மைக், ஹெட்போன், மல்டிமீட்டர் மூன்றும் கையோடு இருக்கட்டும். ஒவ்வொரு குமிழையும் மெதுவாகத் திருப்பி, ஒவ்வொரு ஃபேடரையும் தள்ளிக் கேளுங்கள். லேசான கரகரப்பு தூசியால் வருவது. கான்டாக்ட் கிளீனர் அடித்தால் போகும். ஒலி விட்டு விட்டு வந்தால் வாங்காதீர்கள். பேண்டம் பவரைப் போட்டு எக்ஸ்எல்ஆர் சாக்கெட்டின் முதல் துளைக்கும் இரண்டாம் துளைக்கும் இடையே மீட்டரை வையுங்கள். 44 முதல் 52 வோல்ட் வரை காட்டினால் சரி. ஃபயர்வயர் மிக்சர் மலிவாகக் கிடைக்கிறது என்று மயங்க வேண்டாம். இன்றைய லேப்டாப்பில் அதைச் செருக இடமே கிடையாது.

14. கையிலுள்ள பணம் முழுவதையும் மிக்சரில் போடாதீர்கள். பாதி மிக்சருக்கு, மீதி மைக், ஸ்டாண்டு, வயர், ஹெட்போனுக்கு என்று பிரிப்பது நல்லது. விலை உயர்ந்த மிக்சரில் மலிவு மைக்கை மாட்டுவதைவிட, சாதாரண மிக்சரில் நல்ல மைக்கை மாட்டினால் பதிவு நன்றாக வரும். மிக்சருக்குள்ளேயே இருக்கும் எக்கோ, ரிவர்ப் எத்தனை வகை என்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கத் தேவையில்லை. குரலை எந்தப் பூச்சும் இல்லாமல் பதிந்துகொண்டால் ரிவர்பைப் பிறகு கணினியில் வேண்டிய அளவு சேர்க்கலாம். பதிவிலேயே ஏறிவிட்ட ரிவர்பை எடுப்பது கஷ்டம்.

15. வாங்கி வந்ததும் முதல் வேலை கெயின் அமைப்பது. பாட்டின் மிகச் சத்தமான பகுதியை வாசிக்கச் சொல்லி, மீட்டரின் உச்சம் மைனஸ் 12 டெசிபலை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். 24 பிட் பதிவில் அது தாராளம். பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி வெட்டுப்படும், பிறகு சரி செய்ய வழியில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் எட்டு டிராக் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்கு 4 ஜிபிக்குச் சற்று மேல் இடம் பிடிக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாசிப்பதாக இருந்தால் 64 ஜிபி கார்டு ஒன்று தாங்கும். அன்று இரவே அதிலிருப்பதை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்த பிறகுதான் கார்டை அழிக்க வேண்டும்.