பாப்பா பெயரில் எதைப் போடலாம் என்று கேட்டவளுக்கு

மைசூரு,
2025 டிசம்பர்

அன்புள்ள மாணவிக்கு,

"சார், பாப்பா பேர்ல எந்தப் பாலிசி போடலாம்?" என்று நீ கேட்டதற்கு ஒரே சொல்லில் பதில் போட்டிருக்கலாம்: வேண்டாம். அப்படிப் போட்டால் அடுத்த வாரமே ஒரு ஏஜென்ட் வந்து உன்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று தெரியும். அதனால்தான் கடிதம்.

உன் கேள்வியில் என்னை உறுத்தியது பாலிசி அல்ல, 'பாப்பா பேர்ல' என்பதுதான். சரஸ்வதிபுரத்தில் காலையில் என்னோடு நடக்கும் தாத்தாக்களும் இப்படியேதான் கேட்கிறார்கள். குழந்தையின் பெயரை ஒரு தாளில் எழுதிவிட்டால் அந்தப் பணம் படிப்புக்கான பணமாகிவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். படிப்புக்கான பணம் என்பது கல்லூரிக் கட்டணம் கட்டும் மாதத்தில் கையில் இருக்கும் பணம். பெயர் யாருடையதாக இருந்தால் என்ன? கூட்டு வட்டி, பணவீக்கம் எல்லாம் நீ என் வகுப்பிலேயே படித்தாயிற்று, அவற்றை விட்டுவிடுகிறேன். நான் கேட்பது, நீ இதுவரை போடாத ஒரு கணக்கு. அந்த மாதம் எது?

பதினெட்டு வயதில் கல்லூரி என்று எல்லா விளம்பரமும் சொல்கிறது. உன் மகள் பிறந்தது 2023 அக்டோபர். ஆகவே 2041 என்று எழுதியிருக்கிறாய். தப்பு. கர்நாடகத்தில் இப்போது ஜூன் 1 அன்று ஆறு வயது நிரம்பியிருந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் இடம். 2022ல் போட்ட உத்தரவு, 2025-26ல் நடைமுறைக்கு வர வேண்டியது. பெற்றோர்கள் போட்ட கூச்சலில் அந்த ஓர் ஆண்டுக்கு மட்டும் ஐந்து வயது ஐந்து மாதம் போதும் என்று தளர்த்தினார்கள். 2029 ஜூனில் உன் மகளுக்கு ஐந்து வயது எட்டு மாதம்கூட முடிந்திருக்காது. ஆக 2030ல் ஒன்றாம் வகுப்பு, 2040ல் எஸ்எஸ்எல்சி, 2042 மார்ச்சில் இரண்டாம் பியுசி, அதாவது பிளஸ் டூ. முதல் கட்டணம் அந்த ஆண்டு மழைக்காலத்தில். சேர்க்கை ஆணையம் இடம் ஒதுக்கிய பிறகு பணம் கட்டச் சில நாட்கள்தான் தருவார்கள். அதற்குள் எந்தப் பத்திரத்தையும் உடைத்துக் காசாக்கிவிட முடியாது.

இந்த ஓராண்டு வித்தியாசத்தைச் சிறிது என்று நினைக்காதே. பதினெட்டாவது பிறந்த நாளில் முதிரும் பாலிசியின் பணம் 2041 அக்டோபரில், அவள் பியுசி படித்துக்கொண்டிருக்கும்போது வரும். சேமிப்புக் கணக்கில் சும்மா கிடக்கும் பணத்தின் மேல் குடும்பத்தில் எல்லோருக்கும் கண். யாருக்காவது கல்யாணம் வரும், வீட்டுக்கு மாடி எழும்பும். கட்டணம் கட்டும் நாளில் பாஸ்புக் மட்டும் இருக்கும்.

இப்போது செல்வமகள் சேமிப்புத் திட்டத்துக்கு வருகிறேன். சுகன்யா சம்ரித்தி என்று இங்கே குவெம்புநகர் தபால் நிலையத்தில் கேட்டாலும் அதுதான். நல்ல திட்டம், சேர். இன்றைய வட்டி 8.2 சதவீதம், அரசு உத்தரவாதம், வட்டிக்கு வரி இல்லை. ஆனால் இந்த வட்டி எழுதிவைத்த கல்வெட்டு அல்ல. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அரசு மாற்றலாம். 2015-16ல் 9.2 தந்தார்கள், 2020 ஏப்ரலில் 7.6க்கு இறக்கினார்கள், மூன்று ஆண்டு அப்படியே வைத்திருந்தார்கள். அதையும்விட முக்கியம், முதிர்வுத் தேதி. கணக்கு திறந்த நாளிலிருந்து பதினைந்து ஆண்டு பணம் கட்ட வேண்டும், இருபத்தோரு ஆண்டு நிறைந்ததும் முதிரும். இந்த மாதம் திறந்தால் 2046 டிசம்பர். அவள் பொறியியல் படித்தால் அதற்குள் பட்டமே வாங்கியிருப்பாள். கல்லூரிக்காக நடுவில் எடுக்கலாம்: பத்தாம் வகுப்பு முடித்திருக்க வேண்டும் அல்லது பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும், முந்தைய நிதியாண்டின் இறுதியில் இருந்த தொகையில் பாதி வரைதான், அதுவும் கட்டணச் சீட்டைக் காட்டி. ஆண்டுக்கு 60,000 ரூபாய் போட்டு, 8.2 கடைசி வரை மாறாமல் இருந்தால் 2042ல் ஏறத்தாழ 19 லட்சம் சேர்ந்திருக்கும். 'பாப்பா படிப்புக்குப் பத்தொன்பது லட்சம் இருக்கு' என்று உன் மாமியாரிடம் சொல்லிவிடாதே. படிப்புக்கு இருப்பது ஒன்பதரை.

பிபிஎஃப் கணக்கு இன்னும் விசித்திரம். அதில் பதினைந்து ஆண்டு என்பது நீ திறந்த நாளிலிருந்து அல்ல, திறந்த நிதியாண்டு முடிந்த நாளிலிருந்து. வருகிற மார்ச் 31க்குள் திறந்தால் 2041 ஏப்ரல் 1 அன்று முதிரும். சோம்பேறித்தனமாக ஏப்ரலுக்குத் தள்ளினால் 2042 ஏப்ரல் 1. இரண்டுமே உனக்குச் சரியாக வரும், ஆனால் முதலாவதில் ஓராண்டு மூச்சு விட இடம் இருக்கிறது. பிறந்த தேதி மட்டும் ஐந்து மாதம் முன்னால் இருந்திருந்தால் அவள் 2041லேயே கல்லூரிக்குப் போயிருப்பாள். ஏப்ரலில் திறந்த கணக்கு உதவியே இருக்காது. வட்டி 7.1தான், 2020லிருந்து அசையவில்லை. உன் பெயரிலேயே திற. குழந்தை பெயரில் தனியாக ஒன்று திறந்தாலும் இருவருக்கும் சேர்த்து ஆண்டுக்கு ஒன்றரை லட்சம்தான் உச்சம். பெயரால் உச்சம் ஒரு ரூபாயும் ஏறாது.

பதினாறு ஆண்டுக்கு மேல் இருக்கும்போது எல்லாவற்றையும் வட்டியில் வைப்பது கோழைத்தனம் என்பது என் கருத்து. சம்பளத்திலிருந்து ஒரு பகுதி மாதாமாதம் சாதாரண இண்டெக்ஸ் ஃபண்டுக்குப் போகட்டும். ஆனால் தேதி தெரிந்த செலவுக்குப் பங்குச் சந்தையைக் கடைசி வரை நம்புவது பைத்தியக்காரத்தனம். 2008 ஜனவரியில் 21,000ஐத் தொட்ட சென்செக்ஸ் அதே ஆண்டு அக்டோபரில் 8,000க்கும் கீழே போனது. அந்த ஆண்டு பியுசி எழுதிய பிள்ளைகளின் பெற்றோரிடம் 'காத்திருங்கள், ஏறும்' என்று சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை, ஏறத்தான் செய்தது. கல்லூரி காத்திருக்காதே! 2038 முதலே ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைப்பு நிதிக்கு மாற்று. அந்த ஆண்டு சந்தை எவ்வளவு குதித்தாலும் மாற்று.

அந்த ஃபண்டையும் மகள் பெயரில் போடாதே. மைனர் பெயரில் இருக்கும் ஃபண்ட், அவளுக்குப் பதினெட்டு ஆன நாளில் முடங்கும். அவள் பெயரில் கேஒய்சி முடித்து, கையெழுத்தை வங்கி உறுதிசெய்து, மைனர் என்பதை மேஜர் என்று மாற்றும் வரை ஒரு ரூபாய் வெளியே வராது. பொதுத் தேர்வும் சிஇடி நுழைவுத் தேர்வும் நெருங்கும் ஆண்டிலா இந்த அலைச்சல்? வரி மிச்சமாகும் என்று யாராவது சொன்னால் அதுவும் இல்லை. மைனர் குழந்தையின் முதலீட்டு வருமானம் பெற்றோர் வருமானத்தோடுதான் சேரும். 2024 செப்டம்பரில் வந்த என்பிஎஸ் வாத்சல்யாவைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது அவளுடைய முதுமைக்கான ஓய்வூதியம். கல்லூரியோடு குழப்பிக்கொள்ளாதே. நகைச்சீட்டைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் உன் அம்மா என்னோடு பேசமாட்டார்.

பணம் ஏன் உன் கையில், நிபந்தனையில்லாமல் கொஞ்சமாவது இருக்க வேண்டும் என்பதற்கு நம் ஊர்க்காரர் ஒருவரின் நாவலைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரியாது. ஆர்.கே. நாராயணின் 'தி ஃபைனான்ஷியல் எக்ஸ்பர்ட்', 1952. பொருளாதார மாணவர்கள் எல்லோரும் படித்தே ஆக வேண்டும் என்று வகுப்பில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன். நீயும் படித்திருக்க மாட்டாய். மார்கய்யா கூட்டுறவு நில அடமான வங்கிக்கு எதிரே ஆலமரத்தடியில் தகரப் பெட்டியோடு உட்கார்ந்து, கிராமத்தாருக்குக் கடன் வாங்கித் தந்து பிழைப்பவன். குழந்தை பாலு அவனுடைய கணக்குப் புத்தகத்தைத் தூக்கிச் சாக்கடையில் போட்டுவிடுகிறான். அங்கிருந்து கதை வேறு பாதையில் ஓடுகிறது. பிறகு மார்கய்யாவிடம் பணம் கொட்டுகிறது. மகன் படிக்கும் பள்ளிக்குச் செயலாளராகவே ஆகிவிடுகிறான். பையனோ பள்ளி இறுதித் தேர்வில் தேறவில்லை. பணம் இருந்தது, திட்டம் இருந்தது, அந்தத் திட்டத்தில் பாலு இல்லை.

நாராயணுக்கு இது கேள்விப்பட்ட சங்கதி அல்ல. அப்பா இங்கே மகாராஜா பள்ளியில் தலைமை ஆசிரியர். மகன் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் முதல் முறை தோற்றார். ஓராண்டு வீட்டில் உட்கார்ந்து கண்டதையெல்லாம் படித்தார். பிறகு மகாராஜா கல்லூரியில் சேர்ந்து, வழக்கத்தைவிட ஓராண்டு கூடுதலாக எடுத்து, 1930ல் பி.ஏ. முடித்தார். யாதவகிரியில் அவர் வீட்டை இப்போது அருங்காட்சியகமாக்கி வைத்திருக்கிறார்களே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளைத் தூக்கிக்கொண்டு போய்ப் பார். தேதி போட்டுப் பணம் தரும் எந்தப் பாலிசியும் அந்த வீணான ஓராண்டைக் கணக்கில் எடுத்திருக்காது. உன் மகளும் ஒரு வருடம் சும்மா இருப்பேன் என்று சொல்லலாம். வீணை கற்கப் போகிறேன் எனலாம். அப்போது கட்டணச் சீட்டு இருக்காது, செலவு இருக்கும்.

இன்னொன்று. இதை எந்த ஏஜென்டும் சொல்லமாட்டார், அவருக்குக் கமிஷன் இல்லை. கர்நாடகத்தில் ஒரே தனியார் பொறியியல் கல்லூரியில், ஒரே பெஞ்சில், சிஇடியில் வந்தவனுக்கு ஒரு கட்டணம், தனியார் கல்லூரிகளின் காமெட்-கே தேர்வில் வந்தவனுக்கு ஒரு கட்டணம், நிர்வாக ஒதுக்கீட்டில் வந்தவனுக்கு அவர்கள் சொன்னதே கட்டணம். சிஇடி வழியாக அரசு இடம் கேட்க, ஒன்றாம் வகுப்பிலிருந்து இரண்டாம் பியுசிக்குள் ஏழு ஆண்டாவது கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும். எஸ்எஸ்எல்சி அல்லது பியுசியை இங்கே முடித்திருக்க வேண்டும். உன் வீட்டுக்காரருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல் வரலாம் என்று எழுதியிருந்தாய். போவதும் போகாததும் உங்கள் விருப்பம். எந்த வகுப்பில் போகிறீர்கள், எந்த வகுப்பில் திரும்புகிறீர்கள் என்பதை மட்டும் எண்ணிக்கொண்டு போங்கள். நீ பத்தாண்டு மாதாமாதம் ஃபண்டில் சேர்ப்பதை அந்த ஒரு மாற்றல் தின்றுவிடும்.

சரி, பாலிசி. குழந்தை பாலிசிகளில் ஒரே ஒரு நல்ல அம்சம் உண்டு: தகப்பனோ தாயோ இறந்தால் மீதிப் பிரீமியத்தைக் கம்பெனியே கட்டிவிடும். அந்தப் பயம் நியாயமானது. ஆனால் அதற்கு மருந்து, சம்பாதிக்கிறவர் உயிருக்கு எடுக்கும் டேர்ம் இன்சூரன்ஸ். இரண்டு வயதுக் குழந்தை சம்பாதிக்கவில்லை. அதன் உயிருக்குக் காப்பீடு எதற்கு? தனிநபர் ஆயுள் காப்பீட்டுக்கு இருந்த 18 சதவீத ஜிஎஸ்டியும் இந்த செப்டம்பர் 22லிருந்து இல்லை. மீறி யாராவது குழந்தை பாலிசி கொண்டுவந்தால் பலன் விளக்கத் தாளைக் கேள். 4 சதவீதம், 8 சதவீதம் என்று இரண்டு பத்தி இருக்கும். அவர் விரல் எந்தப் பத்தியில் நிற்கிறது என்று பார்த்துக்கொள்.

இவ்வளவு நேரம் பெயரைத் திட்டினேன். தாளில் எழுதிய பெயர் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் ஒன்று இருக்கிறது. அது எனக்கு மிகப் பிடித்த பழைய சட்டம். 1874ஆம் ஆண்டின் மணமான பெண்கள் சொத்துச் சட்டம், ஆறாவது பிரிவு. மணமான ஓர் ஆண் தன் உயிருக்கு எடுக்கும் பாலிசியை மனைவி மக்கள் நன்மைக்கு என்று எழுதிவிட்டால், அது அவர்களுக்கான அறக்கட்டளை ஆகிவிடும். அவர் கடன்காரராகிச் செத்தாலும், கடன் கொடுத்தவரை ஏமாற்றவே பிரீமியம் கட்டினார் என்று நிரூபித்தாலொழிய, யாரும் தொட முடியாது. அவரேகூடப் பிறகு மனம் மாறி அதைத் திருப்பி எடுக்க முடியாது. இது இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் செல்லுமா என்று நெடுநாள் தகராறு. 1923ல் திருத்தி, செல்லும் என்றார்கள். திருத்தத்தைப் படித்தால் ஒரு வேடிக்கை: மற்ற மாகாணங்களில் 1923 ஏப்ரல் 1க்குப் பின் எடுத்த பாலிசிகளுக்கு, சென்னை மாகாணத்தில் மட்டும் 1913 டிசம்பர் 31க்குப் பின் எடுத்தவற்றுக்கே. சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு முன்பே அப்படித் தீர்ப்புச் சொல்லியிருந்ததுதான் காரணம். தர்மபுரிக் குடியானவனின் பிள்ளைகளுக்குப் பம்பாய் வணிகனின் பிள்ளைகளைவிட ஏறத்தாழ ஒன்பது ஆண்டு முன்பே அந்தப் பாதுகாப்பு இருந்தது. நம் மைசூரோ அப்போது சமஸ்தானம், பிரிட்டிஷ் சட்டம் இங்கே தானாகச் செல்லவில்லை.

நூற்றைம்பது ஆண்டாகியும் அந்தப் பிரிவு 'மணமான ஆண்' என்றே சொல்கிறது, யாரும் மாற்றவில்லை. ஆகவே உன் வீட்டுக்காரர் டேர்ம் எடுக்கும்போது விண்ணப்பத்தோடேயே இந்தச் சட்டத்துக்கான இணைப்புப் படிவத்தைக் கேட்டு, உன் பெயரையும் மகள் பெயரையும் எழுதச் சொல். பாலிசி வந்த பிறகு சேர்க்க முடியாது. உனக்கும் தனியாக ஒன்று எடு. அதில் மகளை நாமினியாகப் போட்டால், அவள் மைனர் என்பதால் பணத்தை வாங்கிக்கொள்ளப் பொறுப்பாளர் ஒருவர் பெயரும் கேட்பார்கள். வழக்கம்போலத் தாய்மாமன் பெயரை எழுதிவிடாதே. கணக்கு வழக்கு தெரிந்த உன் தங்கையைப் போடு.

அன்புடன்,
உன் பழைய ஆசிரியர்