காலிக் கட்டத்தில் சேவ் ஆகவில்லையா? புதிதாக டேட்டாபேஸ் பக்கம் வந்தவர்களுக்குச் சில வார்த்தைகள்

1. எரர் மெசேஜை முழுசாகப் படியுங்கள். “ஏதோ சிவப்பா வந்துச்சு சார்” என்று வந்து நிற்காதீர்கள்.

2. காலியில் இரண்டு வகை உண்டு. ‘நல்’ என்றால் மதிப்பே இல்லை. காலிச் சரம் என்றால் மதிப்பு இருக்கிறது, அதில் எழுத்துதான் இல்லை. திரையில் இரண்டும் ஒரே வெள்ளைக் கட்டம். மைசீக்குவல், போஸ்ட்கிரெஸ், சீக்குவல் சர்வர் மூன்றும் இவற்றைப் பிரித்துப் பார்க்கும். ஆரக்கிள் பிரிக்காது, காலிச் சரத்தையும் ‘நல்’ என்றே எடுத்துக்கொள்ளும். ‘நாட் நல்’ போட்ட ஃபீல்டில் இருந்த பெயரை யாரோ அழித்துவிட்டு சேவ் கொடுத்தால், அங்கே ஓ.ஆர்.ஏ-01407 வந்து நிற்கும். அதே அப்டேட் மைசீக்குவலில் சத்தமில்லாமல் ஓடியிருக்கும். அக்சஸில் 3315 வந்தால், அந்த ஃபீல்டின் ‘அலோ ஜீரோ லெங்த்’ ‘நோ’வில் இருக்கிறதா என்று பாருங்கள். அக்சஸா என்று சிரிக்க வேண்டாம், பழைய கணக்கு ஃபைல் ஒன்று உங்கள் தலையிலும் ஒருநாள் விழும்.

3. ஃபார்மில் காலியாக விட்ட வயதும் பிறந்த தேதியும் காலிச் சரமாகத்தான் வந்து சேரும். போஸ்ட்கிரெஸ் உடனே மறுத்துவிடும். மைசீக்குவலில் 5.7 முதல் ஸ்ட்ரிக்ட் மோடு தானாகவே ஆனில் இருப்பதால், வயதுக்கு 1366 வரும். சீக்குவல் சர்வரோ வாயே திறக்காது: முழு எண்ணில் 0 போடும், தேதியில் 1900 ஜனவரி 1 போடும். எரர் வருவதே மேல் என்பேன். உங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் ஒரே நாளில் பிறந்திருந்தால் காரணம் இதுதான்.

4. ஈமெயில் ஃபீல்டில் யூனிக் போட்டிருக்கிறீர்கள். ஈமெயில் இல்லாத முதல் ஆள் காலிச் சரத்தோடு பதிவாகிவிடுவார். இரண்டாவது ஆளுக்கு மைசீக்குவல் 1062 காட்டும். டூப்ளிகேட் என்று சொல்லிவிட்டு மேற்கோள் குறிகளுக்கு நடுவே ஒன்றுமே இருக்காது. அதுதான் துப்பு. ‘நல்இஃப்’ வைத்துக் காலிச் சரத்தை ‘நல்’ ஆக்குங்கள். மைசீக்குவலும் போஸ்ட்கிரெஸும் எத்தனை ‘நல்’ வந்தாலும் ஏற்கும். சீக்குவல் சர்வர் ஒன்றைத்தான் விடும், அங்கே ஃபில்டர்டு இண்டெக்ஸ் வேண்டும்.

5. எரர் போனால் போதும் என்று ‘நாட் நல்’லைக் கழற்றாதீர்கள். அந்த ஃபீல்டு காலியாக இருக்கலாமா என்பதை அந்த வேலை தெரிந்தவரிடம் கேளுங்கள். ஒரு ஸ்பேஸை, ஒரு கோட்டைப் போட்டுத் தப்பிப்பவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். பிறகு ரிப்போர்ட் எடுப்பவர்தான் அழ வேண்டும்.

6. காலியாகத் தெரிகிறது, தேடினால் சிக்கவில்லையா? ‘நல்’லுக்குச் சமம் என்று எழுதினால் எதுவும் பொருந்தாது, ‘இஸ் நல்’ என்றே எழுத வேண்டும். அதிலும் சிக்காவிட்டால் நீளத்தைப் பாருங்கள். சீக்குவல் சர்வரின் ‘லென்’ கடைசி ஸ்பேஸ்களை எண்ணாது, ‘டேட்டாலெங்த்’ எண்ணும்.

7. அப்டேட் ஓட்டுவதற்கு முன் அதே நிபந்தனையில் ஒரு செலக்ட் போட்டு, எத்தனை வரிசை வருகிறது என்று பாருங்கள். ட்ரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டுத்தான் அப்டேட்.